எச்சரிக்கைப் பலகையில் சாய்வெழுத்து வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தனுஷ்கோடி முதல் ஏர்வாடி வரை கடலோரத்துக்குப் பலகை அடிப்பவர்களுக்கும் அடிக்கச் சொல்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 'கடலில் இறங்காதீர்' என்பதைத் தடித்த சாய்வெழுத்தில் போடாதீர்கள்.

நல்ல ஆங்கில சான்ஸ் செரிஃப் (கோட்டு முனையில் சிறு நீட்டல் இல்லாத) எழுத்துருக்களில் தடித்த சாய்வு தனிக் கோப்பாகவே வரும். வரைந்தவர் வளைவுகளைத் திருத்தியிருப்பார். தமிழில் அது அரிது. கட்டுமரம் என்ற நம் சொல்லிலிருந்து பெயர் பெற்ற கேட்டமரான் எழுத்துருவில் 9 தடிமன்கள் உண்டு, சாய்வு கிடையாது. நோட்டோ சான்ஸ் தமிழிலும் அப்படியே. அவற்றில் சாய்வு பொத்தானை அழுத்தினால் கணினி எழுத்தை அப்படியே வலப்புறம் தள்ளிவிடும். 25 செ.மீ. உயர எழுத்தை 12 டிகிரி சாய்த்தால் உச்சி 5 செ.மீ.க்கு மேல் நகரும். கடைசி எழுத்தின் தலை சட்டத்தில் இடிக்கும். வட்டப் புள்ளி முட்டை வடிவாகி, அடுத்த எழுத்துக்கு உரியதுபோலத் தோன்றும்.

தடித்த கோப்பு இல்லாத எழுத்துருவில் தடிமன் பொத்தான் அதைவிட மோசம். எழுத்தின் விளிம்பைச் சுற்றிலும் ஊதிவிடுவதால் எழுத்துக்குள் இருக்கும் வெற்றிடம் அடைபடுகிறது. ணகரச் சுழிகள் கட்டியாகின்றன. 'தீ' எழுத்தின் மேல்சுழி நிரம்பி 'தி' ஆகிறது. ரகரத்தின் அடிச்சாய்வு மறைந்தால் அதற்கும் காலுக்கும் வேறுபாடு இல்லை. 'இறங்காதீர்' என்ற ஒரே சொல்லில் கால், மேல்சுழி, ரகரம், புள்ளி எல்லாம் இருக்கின்றன!

ஆகவே எழுத்துருவோடு வரும் தடித்த கோப்பையே நேராகப் பயன்படுத்துங்கள். புள்ளியின் விட்டம் கோட்டின் தடிமனைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கட்டும். ஸ்டிக்கர் வெட்டி ஒட்டும்போது உப்புக் காற்றில் முதலில் உரிவது இந்தச் சின்னத் துண்டுதான். அதை மட்டும் பெயின்டில் வைப்பது நல்லது.

சாய்வு பொருந்தும் இடமும் உண்டு: விசைப்படகின் பெயர், கபடி அணியின் பனியன். அங்கே வேகம் தெரிய வேண்டும். 8 டிகிரிக்கு மேல் போகாமல் சாய்த்து, எழுத்தை வளைகோடாக (திருத்தக்கூடிய உருவமாக) மாற்றி, புள்ளிகளை வட்டமாகத் திரும்ப வையுங்கள். படகில் இன்னொன்று: வலப்பக்கத்தில் எழுத்து அணியத்தை (படகின் முன்பகுதியை) நோக்கிச் சாயும், இடப்பக்கத்தில் அதே எழுத்து பின்னோக்கிச் சாய்ந்து, படகு பின்னால் போவதுபோலக் காட்டும். இடப்பக்கம் நேராக எழுதுவதே அழகு. பதிவு எண்ணை எந்தப் பக்கமும் சாய்க்க வேண்டாம்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு சோதனை. 30 மீட்டரிலிருந்து எளிதாகப் படிக்க வேண்டிய பலகைக்கு எழுத்துயரம் 25 செ.மீ. இருப்பது நல்லது. அதையே பத்தில் ஒரு பங்காக, 2.5 செ.மீ. உயரத்தில், தாளில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டி 3 மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனை வெயிலில் கண் கூசும் என்பதால் மொட்டை வெயிலிலும் ஒருமுறை. 'தீ' அப்போது 'தி' போலத் தெரிந்தால் தடிமனில் ஒரு படி இறங்குங்கள்.

இப்படிக்கு,
பெயர்ப்பலகை வடிவமைப்பாளர்கள் சிலர்,
இராமநாதபுரம்