சட்டையைத் துவைக்காதே

அன்புள்ள மாலதிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் வீட்டுக்காரர் வேலைக்காகத் தூரம் போனதிலிருந்து, சாயங்காலமானால் காது வாசல் பக்கமே போகிறது என்று எழுதியிருந்தாய். 'மனதை வேறு எதிலாவது திருப்பு' என்று சொல்கிறவர்கள்மேல் கோபம் வருகிறதாம். வராமல் என்ன செய்யும்? நினைப்பு வருவதை நோய் மாதிரி பேசினால் யாருக்குத்தான் எரிச்சல் வராது!

இங்கே பெரியவள் விடுதிக்குப் போய்விட்டாள். ராத்திரி அவள் அறையைத் தாண்டும்போது என் கை தானாக விளக்கை அணைக்கப் போகிறது. விளக்கு எரிந்தால்தானே அணைக்க! அதனால் நீ சொல்வது எனக்கு ஓரளவு புரிகிறது.

அவரும் நீயும் பெரும்பாலும் குறுஞ்செய்தியில்தான் பேசிக்கொள்கிறீர்களா? அதை முதலில் மாற்றுடி. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில், சிறுமிகளை முன்பின் தெரியாதவர்கள் எதிரே பேசவும் கணக்குப் போடவும் வைத்துப் பதற்றப்படுத்தினார்கள். அப்புறம் சிலருக்கு நேரில் அம்மாவின் அணைப்பு, சிலருக்கு ஃபோனில் அம்மாவின் குரல். இரண்டு பக்கமும் ஆக்ஸிடோசின், அதாவது அன்பான நெருக்கத்தில் உடம்பில் சுரக்கும் ஹார்மோன், ஏறக்குறைய ஒரே மாதிரி கூடியதாம். இது 2010இல் வந்த ஆய்வு. 2012இல் அம்மாவோடு செய்தி அனுப்பிப் பேசியவர்களையும் பார்த்தார்கள். யாரோடும் பேசாதவர்களுக்கும் அவர்களுக்கும் ஹார்மோனில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆறுதல் சொல்லில் இருந்ததைவிடக் குரலில்தான் இருந்திருக்கிறது.

அவர் சட்டையைத் துவைக்காமல் வைத்திருப்பதற்கு எதற்கு வெட்கம்? கனடாவில் 96 ஜோடிகளை வைத்து இதையே சோதித்து 2018இல் வெளியிட்டார்கள். துணைவரின் சட்டையை முகர்ந்த பெண்களுக்கு மன அழுத்தம் குறைந்தது. அந்நியர் சட்டையை முகர்ந்தவர்களுக்குக் கார்டிசால் என்கிற மன அழுத்த ஹார்மோன் ஏறியது. (என் வீட்டுக்காரர் சட்டையை முகர்ந்தால் எனக்கு எது ஏறுமோ!)

இன்னொன்று. அவர் கவலைப்படுவார் என்று வீட்டுத் தொல்லைகளைச் சொல்வதில்லை என்கிறாய். எனக்கு அது சரியாகப் படவில்லை. 'சாப்பிட்டீங்களா, நல்லா இருக்கேன்' என்பதற்குமேல் பேச ஒன்றுமில்லாமல் போவது அதனால்தான். குழாய் ஒழுகுவதைச் சொல், மாமியாரோடு வந்த மனத்தாங்கலைச் சொல், எதை வாங்கலாம் என்று கேள். தூரத்தில் இருந்தாலும் வீட்டு முடிவுகளில் அவருக்குப் பங்கு இருக்கட்டும். வேண்டுமானால் சண்டையும் போடு. சண்டை போட ஆள் இல்லாததுதானே பாதிக் குறை?

விடுப்பு எப்போது என்று தெரிந்ததும் எழுது. அதற்கு முந்தைய வாரமே வந்து உன்னோடு இருந்துவிட்டுப் போகிறேன். அவர் வந்த பிறகு நடுவில் வந்து உட்கார எனக்கென்ன பைத்தியமா?

அன்புடன்,
சுதா