உன் கவர் லெட்டர் பத்தி

தம்பிக்கு,

இங்க எல்லாரும் சௌக்கியம்டா, குளிர் கூட பழகிடுச்சு. வேலை எப்படின்னு கேட்டியே, இங்க பேச்சு கம்மி எழுத்துதான் ஜாஸ்தி, பக்கத்து சீட்ல இருக்கிறவங்களுக்குக் கூட மெயில்தான். பேசும்போது 'இன்', 'டு' மாதிரி சின்ன இங்கிலீஷ் வார்த்தையெல்லாம் யாரு கவனிக்கிறா, ஆனா மெயில்ல அது கண்ணுக்கு நேரா நிக்கும்.

அதனாலதான் வேலைக்கு அப்ளை பண்ண நீ எழுதுன கவர் லெட்டர பொறுமையா படிச்சேன். விஷயமெல்லாம் நல்லாத்தான் எழுதியிருக்க, ஆனா எந்த நவுன், அதாவது பெயர்ச்சொல், வந்தாலும் பின்னாடியே ஒரு 'டு' போட்டுடுற. 'இன்ட்ரஸ்ட் டு லேர்ன்', 'பாஸிபிலிட்டி டு ஜாயின்'னு. ஏன் அப்படி வருதுன்னு தெரியும், நமக்கு கத்துக்க வாய்ப்பு, கத்துக்க ஆசை, கத்துக்க கஷ்டம்னு எல்லாத்துக்கும் ஒரே 'கத்துக்க' போதும். இங்கிலீஷ்ல அப்படி விட மாட்டாங்க, ஆப்பர்ச்சூனிட்டி டு லேர்ன், இன்ட்ரஸ்ட் இன் லேர்னிங், டிஃபிகல்ட்டி இன் லேர்னிங், இந்தக் கடைசியில மட்டும் 'இன்' இல்லாட்டியும் ஓகே.

அதே குடும்பத்து வெர்ப்பையோ (வினைச்சொல்) அட்ஜெக்டிவையோ (பெயரடை) வச்சு நவுனுக்குப் பின்னாடி என்ன வரும்னு முடிவு பண்ணலாமான்னா பாதி நேரம் பண்ணலாம். டிசைட் டு, டிசிஷன் டு, ஏபிள் டு, அபிலிட்டி டு எல்லாம் ஒழுங்கா வரும், அதே தைரியத்துல பாஸிபிள் டு பாத்துட்டு பாஸிபிலிட்டி டுன்னு போனாதான் மாட்டுவ, அது பாஸிபிலிட்டி ஆஃப் ஜாயினிங். 'ப்ரௌட் ஆஃப்', ஆனா நவுன் வந்தா 'ப்ரைட் இன்'னாம், இதுக்கெல்லாம் காரணம் கேட்டா யாருகிட்டயும் பதில் இல்ல.

முக்கியமா அந்த நைட் ஷிஃப்ட் வரி. 'நோ அப்ஜெக்ஷன் டு வொர்க்'னு எழுதியிருக்க, அந்த 'டு' வேற ரகம்டா, அது 'இன்', 'ஆஃப்' மாதிரி ப்ரிபொசிஷன், பின்னாடி நவுனோ ஐஎன்ஜில முடியிற வார்த்தையோதான் வரணும், 'நோ அப்ஜெக்ஷன் டு வொர்க்கிங்'னு மாத்து. சொல்யூஷன் டு-வும் இதே கேஸ்தான். பழைய கம்பெனி சேல்ஸ் பத்தி சொன்ன இடத்துல இன்க்ரீஸ் இன் சேல்ஸ், எவ்ளோன்னு சொல்லணும்னா இன்க்ரீஸ் ஆஃப் 10 பர்சென்ட்.

'சான்ஸ் டு லேர்ன்' சரியாத்தான் இருக்கு, அதைத் தொடாத. வாய்ப்பு கெடைக்கிறதுன்னா சான்ஸ் டு, நடக்குமா நடக்காதான்னா சான்ஸ் ஆஃப், 'சான்ஸ் ஆஃப் வின்னிங்'ங்கிற மாதிரி.

சந்தேகம் வந்தா கூகுள்ல நோண்டாம ஆக்ஸ்ஃபோர்ட் லேர்னர்ஸ் டிக்ஷனரில அந்த நவுன எடுத்துப் பாரு, பின்னாடி என்ன வரும்னு தடிச்ச எழுத்துல போட்டிருப்பான். ஹார்ன்பின்னு ஒருத்தர் ஜப்பான்ல இங்கிலீஷ் சொல்லிக் குடுத்துட்டு இருந்தப்ப உருவாக்குனது அது, 1942ல மொதல்ல வந்ததும் அங்கதான், அதாவது நம்மள மாதிரி ஆளுங்களுக்காகவே பண்ணது.

திருத்திட்டு அனுப்பு, கம்பெனிக்கு போறதுக்கு முன்னாடி நான் ஒருவாட்டி பாத்துடுறேன். ஞாயித்துக்கிழமை ஃபோன் பண்றேன்னு அம்மாகிட்ட சொல்லு, தூங்கிடப் போறாங்க.

அக்கா