தாளம் இயந்திரத்தில் பிறக்கவில்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஹிப் ஹாப் இசையின் வரலாறு பற்றிய கட்டுரையைப் படித்தேன். 1973 ஆகஸ்டில் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் டிஜே கூல் ஹெர்க் இசைத்தட்டு ஓட்டிய விருந்தில் தொடங்கி, இன்றுவரை விறுவிறுப்பாகவே சொல்லியிருந்தார் கட்டுரையாளர். நடுவில் ஒரே ஒரு வரி மட்டும் உறுத்தியது. எண்பதுகளில் கம்ப்யூட்டர் தாளம் வந்தபிறகு டிரம்மர் தேவையில்லாமல் போனார் என்கிறார். மெல்லிசைக் கச்சேரிகளில் டிரம்ஸ் வாசித்துப் பிழைப்பவன் நான். அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

ஹிப் ஹாப்பில் தாளத்தின் மேல் பேச்சு நடையில் பாடுகிற அன்றைய ராப் பாடல்களில் ஏராளமானவற்றில் ஓடுவது, மனிதர்கள் கையால் வாசித்து முன்பே பதிவான தாளம். பழைய இசைத்தட்டிலிருந்து ஒரு துண்டை வெட்டி, அதையே திரும்பத் திரும்ப ஓடவிடுவார்கள். ஹெர்க் செய்ததும் கிட்டத்தட்ட இதுதான். ஒரே தட்டின் இரண்டு பிரதிகளை வைத்துக்கொண்டு, பாட்டு அடங்கித் தாளம் மட்டும் ஒலிக்கும் இடத்தை மாற்றி மாற்றி ஓட்டி நீட்டினார். ஒலித்துண்டைப் பதிந்துவைத்து வேண்டியபோது ஒலிக்கவிடும் சாம்பிளர் இயந்திரம் பின்னால் வந்து அந்த வேலையைச் சுலபமாக்கியது, அவ்வளவுதான். 1987இல் வந்த எஸ்பி-1200 என்ற சாம்பிளரில் மொத்தமே சுமார் 10 நொடி ஒலியைத்தான் ஏற்ற முடியும். தாளத்துக்கு அது தாராளம்.

அப்படித் தாளம் வெட்டி எடுக்கப்பட்ட டிரம்மர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் கிளைட் ஸ்டபிள்ஃபீல்டு. டென்னசி மாநிலத்தின் சட்டனூகா நகரில் பிறந்த கறுப்பினக் கலைஞர். சிறுவயதில் சுற்றிலும் கேட்ட ஆலைச் சத்தத்திலிருந்தும் ரயில் சத்தத்திலிருந்தும் தாளம் பிடித்தவர். 1969 நவம்பர் 20 அன்று சின்சினாட்டியில் பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் குழுவோடு அவர் வாசித்த பாட்டுதான் 'ஃபங்கி டிரம்மர்'. பாட்டின் பிற்பகுதியில் பிரவுன் மற்ற வாத்தியங்களை நிறுத்தச் சொல்கிறார். டிரம்மரிடம், தனி ஆவர்த்தனமெல்லாம் வேண்டாம், இப்போது வாசிப்பதையே வாசி என்கிறார். அடுத்த சுமார் 20 நொடி ஸ்டபிள்ஃபீல்டு மட்டும்.

ஹெட்ஃபோன் போட்டு அந்த இடத்தைக் கேட்டுப் பாருங்கள். ஒரு கை, ஹைஹேட் என்கிற ஜோடித் தாளத்தட்டில் நிற்காமல் ஓடுகிறது. ஓரிரு இடத்தில் மட்டும் அது சட்டென்று திறந்து மூடுகிறது. ஸ்னேர் என்கிற சின்ன டிரம்மில் அழுத்தமான அடிகள் எல்லோர் காதிலும் விழும். அவற்றுக்கு நடுவே, குச்சி தோலைத் தொட்டும் தொடாமலும் போகிற சின்னச் சின்ன அடிகள் இருக்கின்றன. அந்தத் தாளம் நடப்பதே அவற்றால்தான். நான் வாசிக்கும்போது அடிகள் சரியாக விழும், நடைதான் வராது.

இந்தப் பாட்டு பல வருடம் எந்த ஆல்பத்திலும் இல்லை. 1986இல் ஒரு தொகுப்பில் சேர்ந்தபிறகு புதுத் தலைமுறை இசையமைப்பாளர்கள் கையில் சிக்கியது. பப்ளிக் எனிமி என்ற ராப் குழு, ராப் பாடகர் எல்எல் கூல் ஜே தொடங்கி பிரிட்டன் பாப் பாடகர் ஜார்ஜ் மைக்கேல் வரை அதை எடுத்தாண்டார்கள். கணக்கு ஆயிரம் பாடல்களைத் தாண்டும் என்பார்கள். பாட்டை எழுதியவராகப் பதிவான பெயர் ஜேம்ஸ் பிரவுன். டிரம்மருக்கு வாசித்த கூலியோடு சரி, ராயல்டி வரவில்லை. விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரில் திங்கள்கிழமை இரவுகளில் வாசித்துக்கொண்டு வாழ்ந்தார். புற்றுநோய் வந்தபோது சுமார் 90,000 டாலர் செலவைப் பாடகர் பிரின்ஸ் ஏற்றுக்கொண்டார். அதுவும் பிரின்ஸ் இறந்தபிறகுதான் வெளியே தெரிந்தது. பணத்தைவிடப் பெயர் போட்டிருக்கலாம் என்பதுதான் ஸ்டபிள்ஃபீல்டின் குறை. 2017 பிப்ரவரியில் காலமானார்.

கிரிகரி கோல்மன் கதை இன்னும் மோசம். வின்ஸ்டன்ஸ் என்ற வாஷிங்டன் குழுவின் டிரம்மர். 1969இல் வந்த ஒரு தட்டின் பின்பக்கத்தில் இருந்த 'ஆமென், பிரதர்' பாட்டில் அவர் தனியாக வாசித்தது ஏழு நொடிகூட நீளாது. பிரிட்டனின் ஜங்கிள் என்ற வேகமான நடன இசை அந்தத் துண்டின் மேல் எழுந்தது. கோல்மன் 2006இல் வீடில்லாத நிலையில் இறந்தார். குழுத்தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கே இதெல்லாம் 1996 வாக்கில்தான் தெரியவந்தது; வழக்குப் போடும் காலக்கெடு அதற்குள் முடிந்துவிட்டது. 2015இல் பிரிட்டனில் ரசிகர்கள் 24,000 பவுண்டு திரட்டி அவருக்குக் கொடுத்தார்கள். டிரம்மர் போய்ச் சேர்ந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

வெள்ளைக்காரர்கள் திருடினார்கள் என்று இதை ஒரே வரியில் முடித்துவிட முடியாது. எடுத்தவர்களில் பலர் ஸ்டபிள்ஃபீல்டைப் போலவே கறுப்பினத்தவர்கள். பாட்டுக்கு உரிமையாளராக இருந்த பிரவுனும் கறுப்பினத்தவர். கோளாறு சட்டத்தின் கணக்கில் இருக்கிறது. மெட்டுக்கும் வரிகளுக்கும் உரிமை உண்டு, பதிவுக்கு உரிமை உண்டு. தாளம் வாசித்தவருக்கு ஒப்பந்தத்தில் எழுதினால்தான் உண்டு. அதிலும் 1972 பிப்ரவரிக்கு முந்தைய ஒலிப்பதிவுகளுக்கு 2018 வரை அமெரிக்க மத்தியச் சட்டத்தின் பாதுகாப்பே இருக்கவில்லை. அனுமதி வாங்காமல் சாம்பிள் எடுக்கக் கூடாது என்று 1991இல் நியூயார்க் நீதிமன்றம் சொன்னபிறகு பணம் கைமாறத் தொடங்கியது என்னவோ உண்மை. அதுவும் கம்பெனிக்கும் பாட்டை எழுதியதாகப் பெயர் போட்டவருக்கும்தான் போனது. நம் ஊர் பழைய கேசட் உறைகளில் மட்டும் தபேலா வாசித்தவர் பெயரா இருந்தது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

கட்டுரையின் தொடர்ச்சி வரும் என்று போட்டிருக்கிறீர்கள். அதில் இந்த இருவரையும், பிரவுன் குழுவில் இன்னொரு டிரம்மராக இருந்த ஜான் 'ஜாபோ' ஸ்டார்க்ஸையும் சேர்க்கச் சொல்லுங்கள். மேடைப் படம் போடும்போது, பாடகருக்குப் பின்னால் டிரம்ஸில் உட்கார்ந்திருப்பவர் யார் என்று படக்குறிப்பில் ஒரு வார்த்தை எழுதினால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திண்டுக்கல்