ஆறு மாதத்தில் யாரும் பழகவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் தொழில்நுட்பப் பக்கத்தில், புதிய கருவிகளின் அறிமுக விழாக்கள் பற்றிய கட்டுரையில் இப்படி ஒரு வாக்கியம்: "விழா முடிந்த இரவே புலம்பல் தொடங்கிவிடும், ஆறு மாதத்தில் எல்லோரும் பழகிவிடுவார்கள்." அதற்குச் சான்றாகக் கட்டுரையாளர் 2016ஆம் ஆண்டின் மேக்புக் ப்ரோ மடிக்கணினியைக் காட்டியிருக்கிறார். தன் வாதத்தைத் தானே கவிழ்க்கும் சான்றை இவ்வளவு துல்லியமாகத் தேடிப் பிடிப்பது எளிதல்ல. அதற்காக அவரைப் பாராட்டத்தான் வேண்டும்.

அந்தக் கணினியை ஆப்பிள் நிறுவனம் 2016 அக்டோபர் 27 அன்று கூப்பர்டினோவில் அறிமுகப்படுத்தியது தாங்கள் அறிந்ததே. விசைப்பலகையின் மேல்வரிசையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைத்த டச் பார் என்ற தொடுபட்டைதான் மேடையில் நாயகன். வாங்கப் போகிறவர்கள் மேடையை விட்டுவிட்டு விவரப் பட்டியலைத் திறந்தார்கள். டிவி, புரொஜெக்டரை இணைக்கும் எச்டிஎம்ஐ இல்லை. கேமராவின் எஸ்டி கார்டு செருகும் இடம் இல்லை. கால் தட்டினால் கழன்றுகொள்ளும் மேக்சேஃப் சார்ஜர் இல்லை. பழைய யுஎஸ்பி ஒன்றுகூட இல்லை. டச் பார் உள்ள மாடலில் யுஎஸ்பி-சி வடிவில் நான்கு தண்டர்போல்ட் 3 போர்ட்டுகள். டச் பார் இல்லாத 13 அங்குல மாடலில் இரண்டே இரண்டு, அதில் ஒன்று சார்ஜருக்கே போய்விடும். அதற்கு முந்தைய மாதம்தான் ஐபோன் 7 வெளிவந்திருந்தது. அதன் பெட்டியில் வந்த கேபிளை இந்தக் கணினியில் செருக முடியாது; அதோடு வந்த, லைட்னிங் என்ற ஐபோன் முனை கொண்ட இயர்போனையும் செருக முடியாது. ஒரே நிறுவனத்தின் இரண்டு புதுப் பொருள்கள், நடுவில் ஓர் அடாப்டர் இல்லாமல் ஒன்றையொன்று தொடாது! இதை எடுத்துச் சொன்னால் அதற்குப் பெயர் புலம்பலாம்.

அந்தப் "புலம்பல்" எட்டே நாளில் என்ன செய்தது என்று கட்டுரையில் இல்லை. நவம்பர் 4 அன்று ஆப்பிள் தன் அடாப்டர்களின் விலையை இறக்கியது. 19 டாலர் யுஎஸ்பி அடாப்டர் 9 டாலரானது. எச்டிஎம்ஐ கொண்ட மல்டிபோர்ட் அடாப்டர் 69லிருந்து 49க்கு வந்தது. அந்த நிறுவனத்தின் விலைப்பட்டியலை அறிந்தவர்கள், அங்கே தானாக விலை இறங்காது என்பதையும் அறிவார்கள்.

விசைப்பலகைக்கு வருகிறேன். விசைகளை அடியில் தாங்கும் அதன் பட்டாம்பூச்சி அமைப்பில் விசை கீழே இறங்கும் ஆழம் அரை மில்லிமீட்டர் அளவுதான். பழைய கத்தரி அமைப்பில் இடைவெளி கூடுதல் என்பதால் தூசி விழுந்தாலும் விசை வேலை செய்யும். பட்டாம்பூச்சியில் ஒரு மணல் துணுக்கு போதும்: எழுத்து விழாது, அல்லது ஒருமுறை தட்டினால் இரண்டாக விழும். இதற்கு நிறுவனமே தன் உதவிப் பக்கத்தில் வைத்தியம் சொன்னது. மடிக்கணினியை 75 டிகிரி சாய்த்து, ஏறக்குறைய நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். காற்றுக் குப்பியால் இடமிருந்து வலமாக அடிக்க வேண்டும். பிறகு வலப்பக்கமாகத் திருப்பி ஒருமுறை, இடப்பக்கமாகத் திருப்பி ஒருமுறை. குப்பியைக் கவிழ்த்துப் பிடித்தால் காற்றுக்குப் பதில் சில்லென்ற திரவம் பீய்ச்சும். அது வேறு வம்பு. லட்ச ரூபாயைத் தாண்டிய கணினிக்குச் சொல்லப்பட்ட பராமரிப்பு முறை இது.

ஊதியும் சரியாகாவிட்டால்? விசைப்பலகை மேல்தட்டோடு ரிவிட் அடிக்கப்பட்டது. அதே தட்டின் உட்புறத்தில் பேட்டரி பசை போட்டு ஒட்டப்பட்டது. விசைப்பலகையை மாற்றுவது என்றால் மேல்தட்டையும் பேட்டரியையும் சேர்த்தே மாற்றுவது. உத்தரவாதம் முடிந்தவருக்கு அந்தச் செலவு எவ்வளவு வரும் என்பது எந்த சர்வீஸ் சென்டரில் கேட்டாலும் தெரியும். 2018 ஜூனில்தான் இலவசப் பழுதுநீக்கத் திட்டம் வந்தது. அதுவும் முதல் விற்பனையிலிருந்து நான்கு ஆண்டு வரை. அடுத்த மாதம் வந்த மாடலில் விசைகளுக்கு அடியில் மெல்லிய சிலிகான் படலம் போட்டார்கள். அதுவும் போதவில்லை. 2019 நவம்பரில் வந்த 16 அங்குல மாடலில் கத்தரி அமைப்பும், தொட்டு உணரக்கூடிய எஸ்கேப் விசையும் திரும்பின. 2021 அக்டோபர் 18 அன்று அறிமுகமான மாடல்களில் எச்டிஎம்ஐ, எஸ்டி கார்டு, மேக்சேஃப் மூன்றும் திரும்ப, டச் பார் இடத்தைக் காலி செய்தது. அடுத்த ஆண்டு, விசைப்பலகைக் குறைக்காக வாடிக்கையாளர்கள் தொடுத்த வழக்கில் 5 கோடி டாலர் சமரசத் தொகைக்கு நிறுவனம் ஒப்புக்கொண்டது. அதிலும் பங்கு அமெரிக்காவின் ஏழு மாநிலங்களில் வாங்கியவர்களுக்கு மட்டும். நம்மூரில் வாங்கியவர்களுக்கு 75 டிகிரிதான்.

ஆக, பழகிக்கொண்டது வாடிக்கையாளர்கள் அல்ல, நிறுவனம். அதற்கும் ஐந்து ஆண்டுகள் பிடித்தன. கட்டுரையாளரின் ஆறு மாதம் எந்த நாட்காட்டியில் இருக்கிறது என்று தெரிந்தால் நன்றாயிருக்கும்.

எதிர்ப்புக் குரல் எல்லாமே சரி என்று நான் வாதிட வரவில்லை. ரேம் 16 ஜிபிக்கு மேல் கிடையாது என்று அன்று பலர் கொதித்தார்கள். அதற்கு நியாயமான காரணம் இருந்தது: அன்றைய இன்டெல் சிப்புகள் குறைந்த மின்சாரம் இழுக்கும் ரேமில் அந்த அளவைத்தான் தாங்கின, 32 ஜிபி வேண்டுமென்றால் அதிக மின்சாரம் இழுக்கும் வகைக்குப் போக வேண்டும், பேட்டரி இறங்கிவிடும். பொருள்களைச் சோதித்து மதிப்பிடும் அமெரிக்க இதழான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் அந்த டிசம்பரில் பேட்டரி நேரம் தாறுமாறாக இருப்பதாகச் சொல்லிப் பரிந்துரை தர மறுத்தது. சோதனையில் பயன்படுத்திய ஒரு செட்டிங் சஃபாரி பிரவுசரின் பிழையைத் தூண்டியது பின்னர் தெரிந்தது, பிழையைத் திருத்தியதும் பரிந்துரை கிடைத்தது. பழைய யுஎஸ்பி இன்றுவரை திரும்பவில்லை, அதற்காக இப்போது யாரும் அழுவதுமில்லை. ஐபோனில் இயர்போன் துளையும் போனது போனதுதான். பழக்கதோஷத்தால் வரும் முணுமுணுப்பு தானே அடங்கும்; வேலையைக் கெடுக்கும் குறை அடங்காது. இரண்டையும் பிரித்துச் சொல்வதுதான் ஒரு பத்திரிகையின் வேலை என்று நினைத்திருந்தேன்.

ஒரு நிறுவனத்தோடு மட்டும் நிற்கிற விஷயமும் இல்லை. 2013 மே 21 அன்று மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பாக்ஸ் ஒன் என்ற வீடியோ கேம் கருவியைக் காட்டியது. 24 மணி நேரத்துக்கு ஒருமுறையாவது இணையத்தில் இணைக்க வேண்டும், பழைய டிஸ்க்கை விற்கவும் இரவல் தரவும் கட்டுப்பாடுகள் என்று தெரியவந்ததும் விளையாடுகிறவர்கள் சும்மா இருக்கவில்லை. ஜூன் 19 அன்று நிறுவனம் இரண்டையும் கைவிட்டது. அவர்களும் ஆறு மாதம் பழகியிருக்க வேண்டும் போலிருக்கிறது.

எழுத உட்கார்ந்துவிட்டேன், மற்றதையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு விழாவுக்கும் மறுநாள் டாலர் விலையை அன்றைய மாற்று விகிதத்தால் பெருக்கி ரூபாயில் போடுகிறீர்கள். அமெரிக்காவில் அறிவிக்கும் விலையில் விற்பனை வரி சேராது. இங்கே அச்சிடும் விலையில் போனுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உள்ளே இருக்கும். உங்கள் கணக்கை நம்பிக் கடைக்குப் போகிறவர் கடைக்காரரைத் திருடன் என்று நினைத்துத் திரும்புகிறார். விழா மண்டபத்து மேசையில் பத்து நிமிடம் தொட்டுப் பார்த்ததை "விமர்சனம்" என்ற தலைப்பில் போடுகிறீர்கள். 2020இல் ஐபோன் 12 பெட்டியிலிருந்து சார்ஜர் போனபோது சுற்றுச்சூழல் அக்கறை என்று ஒரு பக்கம் எழுதினீர்கள். பெட்டியில் இருந்த கேபிளின் மறுமுனை யுஎஸ்பி-சி என்பதால் வீட்டில் கிடக்கும் பழைய சதுர சார்ஜரில் அது நுழையாது என்பதற்கு அந்தப் பக்கத்தில் ஒரு வரிக்கும் இடமில்லை. பிரேசிலில் சார்ஜர் இல்லாமல் விற்றதற்காக அபராதமே விதித்தார்கள். 2023இல் ஐபோன் 15 ப்ரோவின் "மின்னல் வேகம்" பற்றிப் பத்தி பத்தியாகப் படித்தோம். போர்ட்டின் வேகம் நொடிக்கு 10 ஜிகாபிட் என்பது சரி. பெட்டியில் வரும் கேபிள் 480 மெகாபிட்தான் தாங்கும், வேகம் வேண்டுமென்றால் தனியாக வாங்க வேண்டும். கல்யாண வீடியோவை அதில் ஏற்றி இறக்கும் ஸ்டூடியோக்காரர்களுக்கு முதல் நாளே தெரிந்த விஷயம் இது.

மேலே சொன்ன இயர்போன் துளை விவகாரம் குறித்து முன்பே தங்களுக்கு விரிவாக எழுதியிருந்தேன். அதை நான்கு வரியாகச் சுருக்கி, "வாசகர் பாராட்டு" என்ற பகுதியில் வெளியிட்டுப் பெருமைப்படுத்தினீர்கள். மிக்க நன்றி.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அறிமுக விழாச் செய்தியின் ஓரத்தில் ஒரு சிறு கட்டம் போடுங்கள்: பெட்டிக்குள் என்னென்ன இருக்கிறது, வரியோடு இந்திய விலை, பேட்டரி மாற்ற ஆகும் செலவு, பாதுகாப்பு அப்டேட் எத்தனை ஆண்டு, ரேமும் ஸ்டோரேஜும் பின்னால் கூட்ட முடியுமா. ஐந்து வரிதான். முதல் இரண்டும் கடைசியும் நிறுவனத்தின் விவரப் பட்டியலிலேயே அன்று இரவே கிடைக்கும். மற்றவற்றுக்கு சர்வீஸ் சென்டருக்கு ஒரு போன் செய்ய வேண்டியிருக்கும். இடம் போதவில்லையென்றால் மேடையில் கை விரித்து நிற்பவரின் படத்தைக் கொஞ்சம் சிறிதாக்கலாம்.

இந்தக் கடிதத்தையும் சுருக்கித்தான் போடுவீர்கள். தயவுசெய்து பாராட்டுப் பகுதியில் மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
நீண்டநாள் சந்தாதாரர்,
ஈரோடு