கோல்கீப்பருக்கும் ஒரு நாற்காலி போடுங்கள்

கால்பந்துப் போட்டிகளை ஒளிபரப்பும் நிறுவனங்களின் தயாரிப்பாளர்களுக்கு,

வணக்கம். இடைவேளையில் ஒரு கோலைத் திரும்பத் திரும்பக் காட்டுகிறீர்கள். ஸ்டுடியோவில் இருப்பவர்கள் பெரும்பாலும் முன்னாள் ஸ்ட்ரைக்கர்கள், மிட்ஃபீல்டர்கள். “கீப்பர் இதைத் தடுத்திருக்க வேண்டும்” என்கிறார் ஒருவர். மற்றவர்கள் தலையாட்டுகிறார்கள். விளம்பரம் வந்துவிடுகிறது. ஏன் தடுக்க முடியவில்லை? பந்தை உதைத்த நொடியில் அவர் கால்கள் தரையில் ஊன்றியிருந்தனவா? எதிரே நின்ற டிஃபெண்டர் பார்வையை மறைத்தாரா? இதையெல்லாம் சொல்ல அங்கே ஆளில்லை.

அப்படி ஓர் ஆள் தொலைக்காட்சியில் இருந்த காலம் உண்டு. கோல்கீப்பர் பாப் வில்சன் இங்கிலாந்தின் செஸ்டர்ஃபீல்டில் 1941-இல் பிறந்தவர். ஆசிரியர் பயிற்சி பெற்றவர். லண்டன் அணியான ஆர்சனலுக்காக 308 ஆட்டங்கள். பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர்கள் என்பதால், பெற்றோரின் நாட்டுக்காகவும் ஆடலாம் என விதி மாறியபோது ஸ்காட்லாந்துக்காக 2 சர்வதேசப் போட்டிகளில் நின்றார். பாயும் ஸ்ட்ரைக்கரின் காலடியில் தலையைக் கொடுத்து விழுந்து பந்தைப் பிடிப்பது அவர் பாணி. அதைப் பார்க்கும்போது இன்றும் எனக்கு நெஞ்சு பதறும்.

1971 மே 8, லண்டனின் வெம்ப்ளி திடல், இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டி. ஆர்சனலுக்கு எதிரே லிவர்பூல். கூடுதல் நேரம் தொடங்கியதுமே லிவர்பூலின் ஸ்டீவ் ஹைவே இடப்பக்கம் ஓடி வந்தார். கோலுக்கு முன்னால் குறுக்கே அனுப்பும் பந்து, அதாவது கிராஸ், வரும் என்று எதிர்பார்த்த வில்சன், பக்கத்துக் கோல் கம்பத்தை ஒட்டிச் சிறு இடைவெளி விட்டார். பந்து அதன் வழியே உள்ளே போனது. ஆர்சனல் மீண்டு வந்து 2–1 என வென்றது. அந்தப் பருவத்தில் லீக் பட்டமும் அவர்களுக்கே. ஹைவேயின் கோலைப் பார்த்துத் ‘தவறு’ என்று மட்டும் சொல்லிவிட்டால் ஆட்டத்தில் பாதி நம் கண்ணுக்குத் தெரியாமலே போகும். கிராஸ், நேரடி ஷாட் என்ற இரண்டு ஆபத்துகளில் எது பெரிது என்று கண் இமைக்கும் நேரத்தில் முடிவெடுக்கிறார் கீப்பர். அந்தக் கணக்கை விளக்க, அதே இடத்தில் நின்று தோற்றும் ஜெயித்தும் பார்த்தவர் வேண்டும்.

1974-இல் ஓய்வு பெற்ற வில்சன், பி.பி.சி.யில் ‘ஃபுட்பால் ஃபோகஸ்’ நிகழ்ச்சியை 1994 வரை நடத்தினார்; பிறகு ஐ.டி.வி. தொலைக்காட்சிக்குப் போனார். இத்தனைக்கும் நடுவே ஆர்சனலில் பாட் ஜென்னிங்ஸ், ஜான் லூகிக், டேவிட் சீமன் ஆகியோருக்குக் கீப்பிங் பயிற்சியும் அளித்தார். திரையில் பேசியவர் திடலை விட்டு விலகவே இல்லை. மகள் அன்னா 1998-இல் புற்றுநோயால் இறந்தார். அடுத்த ஆண்டே வில்சனும் மனைவி மெக்ஸும் வில்லோ அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். கடும் நோயுற்ற இளைஞர்களுக்கு மனம் மகிழும் நாட்களை அது அமைத்துத் தருகிறது. அவரை நான் மதிப்பதற்கு இது ஒன்றே போதும்.

அவருக்குப் பிறகும் இப்படிப் பேசும் கோல்கீப்பர்களுக்குப் பஞ்சமில்லை. ஆலிவர் கான் ஜெர்மனியின் இசட்.டி.எஃப். தொலைக்காட்சியில் பல ஆண்டுகள் ஆட்டங்களை அலசினார். டென்மார்க்கின் பீட்டர் ஷ்மைக்கேல், இங்கிலாந்தின் ரேச்சல் பிரவுன்-ஃபின்னிஸ் ஆகியோரும் ஒளிபரப்புக்கு வந்தார்கள்.

நான் கேட்பது இரண்டே. பெரிய ஆட்டம் ஒவ்வொன்றுக்கும் ஸ்டுடியோவில் ஒரு கோல்கீப்பரை, ஆணோ பெண்ணோ, உட்காரவையுங்கள். ரீப்ளேயில் கோலுக்குப் பின்னாலிருக்கும் கேமராவின் காட்சியையும் காட்டி, முதல் கேள்வியை அவரிடம் கேளுங்கள்.

அன்புடன்,
ஒரு கால்பந்து ரசிகன்