இரண்டாம் மாதச் சொட்டு மருந்துக்கு முன்

அன்புள்ள பிள்ளைக்கு,

நாங்கள் நல்ல சுகம். மூன்று கிழமையாக நீ வீடியோவில் வரவில்லை, "வேலை அம்மா, பிறகு கதைக்கிறன்" என்று குரல் மட்டும்தான் வருகிறது. சரி, வேலைதான் என்று வைத்துக்கொள்கிறேன். வயிற்றில் இருப்பது பெடியனாம் என்று உன் மாமி போன் எடுத்துச் சொன்னா. சந்தோஷம். மாமிக்குச் சொல்ல நேரம் இருந்திருக்கிறது.

மிளகாய்த்தூள் இடித்து வைத்திருக்கிறேன். தம்பிக்குப் போன செவ்வாய் மருந்து ஏறியது. இப்போது அவனே மோட்டார் சைக்கிளில் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுத்துவிட்டு வருகிறான், நான் பின்னால் வந்தால் கோபம். முந்தி நான்தான் பக்கத்தில் இருந்து சொட்டை எண்ணுவேன். போத்தலில் குளிர் தானாகப் போகும்வரை காத்திருந்து, முதல் அரை மணித்தியாலம் மெல்ல விட்டு, நடுக்கமோ தலையிடியோ வருகிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் வேகத்தைக் கூட்டுவார்கள். அவன் உடம்பில் தானாக ஊறாத, ஆயிரக்கணக்கான முகம் தெரியாத ஆட்களின் இரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்புச் சத்து அது. நாலு கிழமைக்கு ஒருக்கால், வாழ்நாள் முழுக்க. ஆனாலும் உன் தம்பி வேலைக்குப் போகிறான், கிரிக்கெட் விளையாடுகிறான், என்னோடு சண்டை பிடிக்கிறான். அதை நினைவில் வைத்துக்கொண்டு மிச்சத்தை வாசி.

பிள்ளை பிறந்து இரண்டாம் மாதம் அங்கே ரோட்டா என்று ஒரு மருந்தை வாயில் விடுவார்களாம். அது உயிருள்ள கிருமியில் செய்தது. அதற்கு முன் பிள்ளையின் இரத்தத்தில் எதிர்ப்புச் சத்தைச் செய்கிற பி செல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லு. பிறந்த உடனே குதிக்காலில் குத்தி எடுக்கிற சோதனை போதும் என்று இருந்துவிடாதே. தம்பி இதையெல்லாம் வாசிக்கிறவன், அந்தச் சோதனையில் டி செல் என்கிற வேறு வகை இல்லாத பிள்ளைகள்தான் பிடிபடுமாம், எங்கள் வீட்டு நோய் பிடிபடாதாம். ஆறு மாதம்வரை தாய் கொடுத்த எதிர்ப்புச் சத்து உடம்பில் இருக்கும், பிள்ளை கொழுக்மொழுக்கென்று இருக்கும், யாரும் நம்பமாட்டார்கள். தம்பிக்கும் ஏழாம் மாதம்தான் காதில் சீழ் வடியத் தொடங்கியது. ஐந்து வருஷம் தடிமன், தூசு, பல் முளைக்கிறது என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்லி மருந்து தந்தார்கள். கடைசியில் ஒரு டொக்டர் அவன் வாய்க்குள் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இவனுக்கு டொன்சில் எங்கே அம்மா?" என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் கொழும்புப் பொரளைக்கு, மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்கு இரத்தம் போனது.

அது கொழும்புப் பாதை திறந்திருந்த காலம். 2006 ஆவணியில் சண்டையால் பாதை பூட்டி, மூன்று தரம் மருந்து தவறி, அந்த நிமோனியாவோடு அவன் நுரையீரலின் கீழ்ப்பக்கம் பழுதானது. உனக்குத் தெரியாததா, நீதான் இரவிரவாக அவன் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாய். அதனால்தான் திரும்பவும் சொல்கிறேன், நேரத்தோடு தெரிந்தால் நெஞ்சு பழுதாகாது. சொட்டு மருந்துக்கு முன் கேள்.

உனக்குத் தெரியாதது வேறு ஒன்று இருக்கிறது.

அந்த டொக்டர் அன்றைக்கு ஒரு கடிதமும் தந்தார். ஆங்கிலம்தான், முழுக்க விளங்கவில்லை, ஆனால் "சிஸ்டர்" என்ற சொல் எனக்கு விளங்கியது. வாயாலும் சொன்னார். பழுது எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது, தாய்க்கு ஒன்றும் செய்யாது, மகனைத்தான் பிடிக்கும், மகளுக்கும் அது போயிருக்கப் பாதிக்குப் பாதி, கலியாணத்துக்கு முன் அக்காவுக்குச் சோதித்துப் பாருங்கள் என்று. அம்மம்மாவின் கடைசிப் பெடியன் மூன்று வயதில் நெஞ்சுச்சளியில் போனதுக்குக் கண்ணூறு என்றுதான் ஊரே சொன்னது. டொக்டர் என்னிடம் அவனைப் பற்றிக் கேட்டபோதுதான் என் கால் குளிர்ந்தது. கண்ணூறு இல்லை, நாங்கள்தான்.

கடிதத்தை அலுமாரியில் கூறைச் சேலைக்குக் கீழே வைத்தேன். 2019இல் உன் சாதகம் எடுக்க அந்தத் தட்டைத்தான் திறந்தேன். சாதகத்தை எடுத்தேன், கடிதத்தைத் தொடவில்லை. மாப்பிள்ளை வீட்டாருக்குத் தம்பிக்கு "கொஞ்சம் சளிக்குணம்" என்றேன். நீ பக்கத்தில் தேத்தண்ணீர்த் தட்டோடு நின்றாய். நல்ல இடம், குழம்பிவிடும் என்று பயம். அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை, அந்த மனிசனைத் திட்டாதே. கேட்டால் நீ தாங்கமாட்டாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், உண்மையில் நான்தான் தாங்கமாட்டேன்.

நீ படித்த பிள்ளை, எங்கேயோ வாசித்து விளங்கிக்கொண்டுவிட்டாயோ, அதுதான் முகம் காட்டாமல் இருக்கிறாயோ என்று யோசிக்கிறேன். அப்படியென்றால் திட்டு, போனை எடுத்துத் திட்டு. இல்லை, இப்போதுதான் வாசிக்கிறாய் என்றால் முதலில் இருந்துகொள், தண்ணீர் குடி. பிள்ளைக்கு வர நாலில் ஒன்றுதான் என்று தம்பி கணக்குப் போட்டுச் சொன்னான், உனக்கே வந்திருக்குமோ தெரியாது, வந்திருந்தாலும் பிள்ளைக்குப் போக வேண்டும் என்றில்லை. உன் இரத்தத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். தம்பியின் மரபணு ரிப்போர்ட்டைக் கேட்பார்கள், அதில் பழுதான மரபணுவின் பெயர் பிடிகே என்று போட்டிருக்கும். அதையும் அந்தக் கடிதத்தையும் தம்பி படம் எடுத்து உனக்கு அனுப்புவான். கடிதத்தின் மடிப்பில் கற்பூர உருண்டைக் கறை பட்டிருக்கிறது, எழுத்து தெரிகிறது.

மருமகனுக்கு நீ சொல்லுகிறாயா, நான் சொல்லவா? அதை மட்டும் உடனே எழுது. மாமிக்கு நான்தான் சொல்லவேண்டும், பொய் சொன்னது நான்.

அம்மா