திடல் யாருக்கு என்பதே முதல் கேள்வி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கால்பந்தை அரசியலோடு சேர்த்துப் பேசுவது அந்த விளையாட்டுக்குச் செய்யும் துரோகம் என்று, தங்கள் நாளிதழின் வாசகர் கடிதப் பகுதியில் அண்மையில் ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய ஆதங்கம் புரிகிறது. உலகக் கோப்பை நடக்கும்போது கொடியும் கோஷமும் ஆட்டத்தையே மறைத்துவிடுவது உண்மைதான். ஆயினும், மதுரை மாவட்டப் பள்ளிகளில் நெடுங்காலம் உடற்கல்வி ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வுபெற்ற எனக்கு அவருடைய முடிவை ஏற்க இயலவில்லை. திடலுக்குள் யார் இறங்கலாம், யார் வெளியே நிற்க வேண்டும் என்பது நடுவர் விசில் ஊதுவதற்கு வெகுநேரம் முன்பே முடிவாகிவிடுகிறது. அந்த முடிவைச் செய்வது சமூகமும் அதிகாரமும்தான்.

1911ஆம் ஆண்டு கல்கத்தாவில் மோகன் பகான் அணியினர், ஒருவரைத் தவிர மற்ற அனைவரும் வெறுங்காலோடு ஆடி, பிரிட்டிஷ் ராணுவத்தின் கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவின் அணியை 2-1 என வென்று இந்தியக் கால்பந்துச் சங்கத்தின் (ஐ.எஃப்.ஏ.) கேடயத்தைக் கைப்பற்றியதை அவ்வாசகர் பெருமையோடு குறிப்பிட்டிருந்தார். எனக்கும் அதில் பெருமைதான். ஆனால் ஆண்டவர்களை ஆளப்பட்டவர்கள் அவர்களுடைய ஆட்டத்திலேயே வென்றார்கள் என்பதற்காகத்தானே ஒரு நூற்றாண்டு கடந்தும் அந்த நாளை நினைவில் வைத்திருக்கிறோம்? அந்த அரசியலை ஏற்றுக்கொள்பவர் மற்றவற்றை மட்டும் விலக்கச் சொல்வது எப்படிப் பொருந்தும்?

இது தொடர்பாக நம் பக்கத்தில் அதிகம் பேசப்படாத வரலாறு ஒன்று உண்டு. முதல் உலகப் போரின்போது ஆண்கள் போர்முனைக்குச் சென்றுவிட, இங்கிலாந்தின் ஆயுதத் தொழிற்சாலைகளில் வேலைக்குச் சேர்ந்த பெண்கள் ஓய்வு நேரத்தில் கால்பந்து ஆடத் தொடங்கினர். பிரஸ்டன் நகரத்துத் தொழிற்சாலை ஒன்றின் பெண்கள் அமைத்த டிக் கெர் அணி, காயமுற்ற படைவீரர்களுக்காகவும் பிற அறப்பணிகளுக்காகவும் ஆடி நிதி திரட்டியது. 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூல் நகரின் குடிசன் பார்க் அரங்கில் அவர்கள் ஆடிய போட்டியைக் காண ஏறத்தாழ 53,000 பேர் திரண்டனர். ஓராண்டுகூட நிறையவில்லை, 1921 டிசம்பர் 5 அன்று, கால்பந்து பெண்களுக்குச் சற்றும் ஏற்றதன்று என்று அந்நாட்டுக் கால்பந்துச் சங்கம் தீர்மானம் நிறைவேற்றியது. பெண்கள் பந்தைத் தொடவே கூடாது என்று அது சொல்லவில்லை. தன் உறுப்புக் கழகங்களின் திடல்களை அவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று மட்டும் உத்தரவிட்டது, அதுவே போதுமானதாக இருந்தது. அரங்கங்களை இழந்தவர்கள் பூங்காக்களிலும் புல்வெளிகளிலும் ஆடினார்கள். கூட்டம் குறைந்தது, அணிகள் கலைந்தன. அந்தத் தடை விலக ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் பிடித்தன.

ஈரானில் பெண்களுக்குப் பார்வையாளர் இருக்கைகூட மறுக்கப்பட்டிருந்தது. ஆண் வேடமிட்டு அரங்கத்துக்குள் நுழைய முயன்று வழக்கில் சிக்கிய ஓர் இளம்பெண் தீக்குளித்து இறந்த பிறகே, பன்னாட்டுக் கால்பந்துக் கூட்டமைப்பின் நெருக்குதலால், 2019 அக்டோபரில் கம்போடியாவுடனான போட்டிக்கு அவர்கள் டிக்கெட் வாங்க முடிந்தது. தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவுச் சிறையில் அடைபட்டிருந்த விடுதலைப் போராளிகள் கால்பந்து ஆடும் உரிமைக்காக 1960களில் பல ஆண்டுகள் விடாமல் மனுக் கொடுத்தார்கள். அனுமதி கிடைத்ததும் முறையான விதிகளோடு தமக்கெனச் சங்கம் அமைத்து லீக் போட்டிகளே நடத்தினார்கள். உள்நாட்டுப் போரில் பிளவுண்டு கிடந்த ஐவரி கோஸ்ட் நாட்டில், கிளர்ச்சியாளர்களின் கோட்டையாக விளங்கிய புவாக்கே நகரில் 2007ஆம் ஆண்டு தேசிய அணி ஆட வேண்டும் என்று அந்த அணியின் நட்சத்திர வீரர் டிடியே ட்ரோக்பா முயன்று அதை நடத்தியும் காட்டினார். எந்த ஊர்த் திடலில் ஆடுகிறோம் என்பதே அங்கு ஒரு சமாதானச் செய்தியாகிவிட்டது.

இவையெல்லாம் தொலைதூரத்து விஷயங்கள் என்று ஒதுக்குபவர்கள் நம் பக்கத்து ஊர்களைச் சற்று நோக்க வேண்டும். மந்தைத் திடல் குறிப்பிட்ட தெருக்காரர்களுக்கு உரியது என்பது சில ஊர்களில் இன்றும் எழுதாத சட்டம். அந்த ஊர்களின் காலனிப் பையன்கள், கண்மாய் வற்றும் மாதங்களில் அதற்குள் கல் பொறுக்கி, முள் வெட்டி, கம்பு நட்டு ஆடுகிறார்கள். மழை பெய்து கண்மாய் பெருகிவிட்டால் அந்த ஆண்டு ஆட்டம் முடிந்துவிடும். பள்ளி அணியில் ஒரே நிற ஜெர்சி அணிந்து ஒருவருக்கொருவர் பந்தைக் கடத்திக் கொடுத்த பிள்ளைகள், கோடை விடுமுறைப் போட்டிகளில் தெருவாரியாகப் பிரிந்து எதிரெதிரே நிற்பதைக் கண்டு நான் மனம் நொந்ததுண்டு.

பெண்பிள்ளைகளின் நிலை இதனினும் கடினம். எட்டாம் வகுப்பு வரை பந்தின் பின்னால் ஓடியவர்கள் வயதுக்கு வந்ததும் நின்றுவிடுகிறார்கள். பெற்றோரின் பிற்போக்குத்தனம் என்று இதற்குக் காரணம் சொல்லிவிடுவது எளிது. நான் பேசிப் பார்த்த தாய்மார்களில் பலர் ஆட்டத்தை எதிர்க்கவே இல்லை. “பிள்ளை விளையாடட்டும் டீச்சர், ஆனா அங்க கக்கூஸ் இருக்கா? இருட்டுறதுக்குள்ள வீடு வந்து சேந்துருமா?” என்றுதான் கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு ஆம் என்று பதில் சொல்லக்கூடிய திடல்கள் மிகக் குறைவு. பல பள்ளித் திடல்கள் மாலையில் பூட்டப்படுகின்றன. பொதுத் திடல்களோ பையன்களின் கிரிக்கெட்டுக்கும் பொதுக்கூட்டங்களுக்கும் பொருட்காட்சிகளுக்கும் போக எஞ்சுவதில்லை.

திறமைக்கு இங்கே பஞ்சமில்லை. மதுரையைச் சேர்ந்த சேது எஃப்.சி. அணி 2019ஆம் ஆண்டு லூதியானாவில் நடந்த இறுதிப் போட்டியில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என வென்று இந்திய மகளிர் லீக் கோப்பையைக் கொண்டுவந்தது. தமிழ்நாட்டு மகளிர் அணி 2018இலும் 2023இலும் தேசியப் பட்டம் வென்றது. மேலும், விளையாட்டு வீரர்களுக்கு அரசு வேலைகளில் 3 விழுக்காடு இடஒதுக்கீடு தரும் மாநிலம் இது. அந்த நிலையில், ஆறு மணிக்குப் பூட்டப்படும் ஒரு கேட், ஏழை வீட்டுப் பெண்ணின் பொழுதுபோக்கோடு அவளுடைய பிழைப்புக்கான வழியையும் சேர்த்தே அடைக்கிறது. இதை அரசியல் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

ஆகவே மாவட்ட நிர்வாகத்துக்கும் உள்ளாட்சி அமைப்புகளுக்கும் தங்கள் நாளிதழ் வாயிலாக ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். மதுரை நகரிலும், மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் ஆகிய ஊர்களிலும் குறைந்தது ஒரு பள்ளித் திடலையாவது வாரத்தில் மூன்று மாலைகள் பெண்களின் கால்பந்துக்கென்று ஒதுக்கித் தர வேண்டும். அங்கே மின்விளக்கு, கழிப்பறை, உடைமாற்றும் அறை, ஒரு பெண் பயிற்சியாளர் ஆகியவை இருக்க வேண்டும். பயிற்சி முடியும் நேரத்துக்கு ஏற்றவாறு நகரப் பேருந்து நின்று செல்ல வேண்டும். ஊராட்சி நிதியில் சீரமைக்கப்படும் திடல்களின் வாயிலில், அது எல்லாத் தெருவினருக்கும் உரியது என்று எழுதி வைப்பதோடு, அங்கு நடக்கும் போட்டிகளில் தெருவாரி அணிகளுக்கு அனுமதி மறுக்கவும் வேண்டும். அடுத்த கல்வியாண்டு தொடங்கும் ஜூன் மாதத்துக்குள் ஓர் ஊரிலாவது இதைத் தொடங்கினால், பிள்ளைகளைத் திரட்டி அழைத்துவர என்னைப் போன்ற ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் பலர் ஊதியமின்றியே முன்வருவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை,
திருநகர், மதுரை.